நாட்டுக்கோழி முட்டையில் கரு கூடியிருக்கிறதா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலை அடிவாரத்தில், சேலத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொல்லையில் நெடுநாளாகக் கோழி வளர்த்து வருகிறோம். அடை வைக்க முட்டை வாங்கிப் போகிறவர்கள் 21 நாள் கழித்துத் திரும்பி வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்து, என் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

சேவலே இல்லாம கோழி முட்டை போடுமாங்க?

போடும். பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டால் சேவலின் முகத்தையே பார்க்காமலும் முட்டையிடும். முட்டை உருவாகச் சேவல் தேவையில்லை. அந்த முட்டைக்குள் குஞ்சு உருவாகத்தான் தேவை.

சூலகத்திலிருந்து மஞ்சள் கரு விடுபட்டது முதல் முழு முட்டையாக வெளியே வருவது வரை ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் முதல் கால் மணி நேரத்துக்குள், வெள்ளைக் கரு வந்து மூடுவதற்கு முன்பே, விந்தணு மஞ்சள் கருவைச் சேர்ந்துவிட வேண்டும். ஆகையால் இன்று காலை சேவல் அணைந்தது என்பதற்காக நாளைக்கு இடும் முட்டையை நம்ப முடியாது. புதிதாகச் சேவல் விட்ட வீட்டில் கருவுற்ற முட்டை கிடைக்க இரண்டு மூன்று நாளாவது ஆகும். ஒரு வாரம் கழித்துச் சேர்க்கத் தொடங்குவது நல்லது.

கடை முட்டையை அடை வெச்சா குஞ்சு வருமா?

வெள்ளை முட்டையில் வராது. நம் ஊர்க் கடைகளுக்கு வரும் வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறது. (1997 வரை நாமக்கல்லும் நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது.) அந்தப் பண்ணைகளில் கூண்டில் இருப்பவை பெட்டைகள் மட்டுமே, சேவலுக்கு அங்கே வேலையில்லை.

நாட்டுக்கோழி முட்டை என்று விற்கப்படுவதில் இரண்டு வகையும் இருக்கலாம். பழுப்பு ஓடு கோழியின் இனத்தைப் பொறுத்தது. கரு கூடியதற்கு அது அடையாளம் அன்று. விற்பவர் வீட்டில் சேவல் இருக்கிறதா, முட்டை இட்டு எத்தனை நாள் ஆயிற்று என்ற இரண்டையும் கேட்காமல் அடைக்கு முட்டை வாங்க வேண்டாம்.

வெளிய பார்த்தே சொல்லிடலாம்னு எங்க ஆயா சொல்லுதே, நிஜமா?

முடியாது. நீளமான முட்டையில் சேவல் குஞ்சு, உருண்டையான முட்டையில் பெட்டைக் குஞ்சு என்பது பல வீடுகளில் சொல்லப்படுகிறது. முட்டையின் வடிவம் பெட்டையின் கருப்பாதையைப் பொறுத்து அமைகிறது. ஒரு பெட்டை ஏறக்குறைய ஒரே வடிவில்தான் இட்டுக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்பதற்கும் அந்த வடிவத்துக்கும் தொடர்பில்லை.

தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனை முட்டையின் வயதை மட்டுமே காட்டும். புதிய முட்டை படுத்தபடி மூழ்கும். நாள்பட்டால் மழுங்கிய முனையில் உள்ள காற்றறை பெரிதாகி, நிமிர்ந்து நின்று, கடைசியில் மிதக்கும். கரு கூடிய புதிய முட்டையும் மூழ்கும், கூடாத புதிய முட்டையும் மூழ்கும். அடைக்கு வைக்கப்போகும் முட்டையை நனைக்காமல் இருப்பதே நல்லது, ஏனெனில் ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் காப்புப் பூச்சு கழுவினால் போய்விடுகிறது.

உடைச்சுப் பார்த்தா எப்படித் தெரியும்? எல்லாத்துலயும் மஞ்சக்கரு இருக்குதே?

இந்தக் குழப்பத்துக்குத் தமிழே ஒரு காரணம். மஞ்சள் கரு, வெள்ளைக் கரு என்று நாம் சொல்லும் இரண்டும் குஞ்சுக்கான உணவு. உயிர்க்கரு அவை அல்ல. மஞ்சள் உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு வெண்புள்ளியில்தான் அது இருக்கிறது. அந்தப் புள்ளி எல்லா முட்டையிலும் உண்டு என்பதால், புள்ளி இருப்பதைப் பார்ப்பது போதாது; அதன் உருவத்தைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைத் தட்டில், ஜன்னல் ஓரத்து வெளிச்சத்தில், மெதுவாக உடைத்து ஊற்றுங்கள். புள்ளி வழக்கமாக மேலே வந்து நிற்கும். வராவிட்டால் கரண்டியின் பின்புறத்தால் உருண்டையை லேசாகத் திருப்பலாம். கருவுறாத முட்டையில் அது 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத்தில், ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரு சொட்டு அரிசிமாவு தெறித்து விழுந்ததுபோல் அடர்த்தியான வெள்ளையாக இருக்கும். கருவுற்ற முட்டையில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலத்தில் வட்டமாக இருக்கும். நடுப்பகுதி சற்றுத் தெளிவாகவும் அதைச் சுற்றி வெள்ளை வளையமாகவும், உளுந்து வடையை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படித் தெரியும். முதல் முறை பார்க்கிறவர்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். நான்கைந்து முட்டை பார்த்த பிறகு கண் தானாகப் பழகிவிடும். மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கிய நூல்போல் இருக்கும் வெள்ளை இழையைக் குஞ்சின் ஆரம்பம் என்று சிலர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கருவை நடுவில் நிறுத்தி வைக்கும் கயிறு அது; எல்லா முட்டையிலும் உண்டு.

உடைத்த முட்டையை அடை வைக்க முடியாதே என்று கேட்கலாம். அடை வைப்பதற்கு முந்திய வாரம் மூன்று முட்டையை இப்படிப் பார்த்துவிட்டால், மொத்தக் கூட்டத்தின் நிலை ஓரளவு தெரிந்துவிடுகிறது. பார்த்த முட்டை ஆம்லெட்டுக்கு ஆகும்.

ரத்தப் புள்ளி இருந்துச்சுங்க. அப்ப அது கரு கூடின முட்டைதானே?

அன்று. மஞ்சள் கரு சூலகத்திலிருந்து விடுபடும்போதோ கருப்பாதையில் இறங்கும்போதோ ஒரு மெல்லிய இரத்தக்குழாய் கிழிந்தால் அந்தத் துளி முட்டைக்குள் சேர்ந்துவிடுகிறது. சேவலே இல்லாத கூண்டுக் கோழியின் முட்டையிலும் இது வரும். உண்ணலாம்; பிடிக்காவிட்டால் கரண்டி முனையால் எடுத்துவிடலாம்.

அடை வெச்சதுக்கப்புறம் உடைக்காம பார்க்க வழி இருக்குதா? எத்தனாவது நாள் பார்க்கணும்?

ஏழாம் நாள் இரவு. ஓடு வெள்ளையாக இருந்தால் ஐந்தாம் நாளே தெரியும்; ஆனால் நம் கோழிகளின் ஓடு பெரும்பாலும் பழுப்புச் சாயல் கொண்டது, அவசரப்பட்டால் தவறாகத்தான் முடிவு செய்வோம். இருட்டறையில் கைப்பேசி விளக்கின் மேல் ஒரு கெட்டி அட்டையை வைத்து, அதில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய துளை போட்டு, முட்டையின் மழுங்கிய முனையைத் துளையில் பொருத்திக் கொள்ளுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் கசியாமல் இருப்பதுதான் முக்கியம்.

கரு வளர்ந்துகொண்டிருந்தால் செக்கச்சிவந்த ஒளியில், நடுவில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தியின் கால்கள்போல் எல்லாப் பக்கமும் பிரியும் நரம்புகளும் தெரியும். அசைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி மெல்லத் துள்ளுவதையும் பார்க்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்த அன்றிலிருந்து அடைக்கூடையின் பக்கத்தில் பந்து விளையாடுவதை நிறுத்திவிட்டார்கள். கருவுறாத முட்டையில் நரம்பு எதுவும் இராது. முட்டை முழுவதும் ஒரே மஞ்சள் ஒளியாக, மஞ்சள் கருவின் நிழல் மட்டும் மங்கலாக நகரும். நரம்புகள் கலைந்து, ஓட்டின் உட்புறத்தில் சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டியதுபோல் ஒரு வளையம் மட்டும் தெரிந்தால், கரு கூடி, சில நாள் வளர்ந்து, பிறகு இறந்துவிட்டது என்று பொருள்.

கை சுத்தமாக இருக்கட்டும். முட்டையைக் குலுக்க வேண்டாம். எல்லாவற்றையும் கால் மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டுக் கோழியின் கீழ் வைத்துவிடலாம். பகலில் கோழி இரைக்கு எழுந்து போவதே ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். சந்தேகமான முட்டையின் மேல் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, பத்தாம் நாள் மறுபடி பாருங்கள்.

ஏழாம் நாள் பார்த்தா பாதி முட்டை தெளிவா இருக்குது. சேவல் சரியில்லைன்னு அர்த்தமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன் என்று சொல்லலாம். வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும் முட்டை இரண்டு வகைப்படும்: ஒன்று, உண்மையிலேயே கருவுறாதது, மற்றொன்று, கருவுற்று, நரம்பு பிரிவதற்கு முன்பே முதல் இரண்டு மூன்று நாளில் கரு இறந்துபோனது. விளக்கொளி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. உடைத்துத்தான் பார்க்க வேண்டும். முன்பு சொன்ன அரிசிமாவுச் சொட்டு அப்படியே சிறிதாக இருந்தால் அது கருவுறாத முட்டை. வளையம் பரந்து விரிந்து, வெளிறிய பாலாடைபோல் ஒரு படலம் மஞ்சள் கருவின் மேல் படர்ந்திருந்தால் அது கருவுற்று இறந்த முட்டை.

ஒரு சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டில் 11 முட்டை வைத்து, ஏழாம் நாள் பார்த்தபோது 7 முட்டை தெளிவாக இருந்தன. மூன்று வயதைத் தொட்டுக்கொண்டிருந்த சேவலின் மேல் பழியைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அதைக் குழம்பு வைத்துவிட்டோம். மறுநாள்தான் அந்த 7 முட்டையையும் உடைத்துப் பார்க்கத் தோன்றியது. இரண்டில் மட்டும் சிறு சொட்டு. ஐந்தில் பாலாடைப் படலம். சேவல் தன் வேலையைச் செய்துதான் வைத்திருந்தது. அடுப்படிப் பரணில் பன்னிரண்டு நாள் முட்டையைச் சேர்த்து வைத்திருந்தது நாங்கள்தான்.

அப்ப கூமுட்டைங்கறது எதுங்க?

கூழாகிப்போன முட்டை என்பதால் அது கூழ்முட்டை. பேச்சில் கூமுட்டை ஆகி, மனிதரைத் திட்டவும் பயன்படுகிறது. பொரிக்காத எல்லா முட்டையையும் அப்படி அழைப்பதால்தான் காரணம் தெரியாமல் போகிறது. கருவுறாத முட்டை 21 நாள் கோழியின் அடியில் இருந்தாலும், ஓட்டின் வழியே கிருமி புகாவிட்டால் நீர்த்துப்போகுமே தவிர நாறுவதில்லை. நாற்றமடிக்கும் கூமுட்டை என்பது கிருமி புகுந்து அழுகியது. அது கருவுற்றதாகவும் இருந்திருக்கலாம், கருவுறாததாகவும் இருந்திருக்கலாம். ஓடு வியர்த்து, பழுப்பு நீர் கசிந்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். கூடைக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளும் கெடும், அந்த நாற்றமும் எளிதில் போகாது.

இடி இடிச்சா முட்டை கெட்டுப்போகும்னு கரித்துண்டும் இரும்பும் மிளகாயும் போடறோம். போடலாமா?

போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி மற்றவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுவதால் கெடுதல் உண்டு. நம் பக்கத்தில் இடியோடு மழை கொட்டுவது சித்திரை, வைகாசி மாதங்களில். உச்சி வெயிலும் அதே மாதங்களில்தான். அந்தக் காலத்து முட்டை பொரியாமல் போவதற்கு அடுத்த விடையில் சொல்லும் வெப்பமே காரணமாக இருக்க, சத்தம் போட்ட இடி பழியைச் சுமக்கிறது.

ஏற்காட்டுல எங்க சின்னம்மா வீட்டுல பத்துக்கு ஒம்பது பொரிக்குது. அதே கோழியோட தங்கச்சிதான் இங்க சேலத்துல, நாலுதான் பொரிக்குது. ஏன்?

சேர்த்து வைக்கும் இடம்தான் பெரும்பாலும் காரணம். கருவுற்ற முட்டை வெளியே வரும்போதே அந்த வெண்புள்ளியில் ஆயிரக்கணக்கான உயிரணுக்கள் பிரிந்து முடிந்திருக்கின்றன. முட்டை குளிர்ந்ததும் வளர்ச்சி நின்று, கரு உறங்குகிறது. ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்குக் கீழே அந்த உறக்கம் கலைவதில்லை. அதற்கு மேலே போகப் போக அரைகுறையாக விழித்துக்கொள்கிறது. குஞ்சாக வளர 37.5 பாகை அளவில் சீரான சூடு வேண்டும், அது கிடைக்காமல், உறங்கவும் முடியாமல் கரு நலிந்து சாகிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே வீட்டு மூலையே போதுமான குளிர்ச்சியாக இருக்கிறது. சேலத்தில் கோடையில் நள்ளிரவிலும் வீட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி கிடையாது.

நாட்டுக்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டு முடித்துத்தான் அடைக்கு உட்காருகிறது என்பதால், முதல் முட்டை அதற்குள் பழசாகிவிடுகிறது. முதலில் இட்டவற்றைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கடைசி ஏழு நாள் முட்டையை மட்டும் அடைக்கு வையுங்கள். கோடையில் ஐந்து நாள். எண்ணிக்கை குறைந்தால் அதே வாரத்தில் இட்ட வேறு பெட்டையின் முட்டையைச் சேர்க்கலாம். ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும் என்ற வழக்கத்தைப் பற்றி எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

கேழ்வரகுப் பானைக்குள் முட்டையைப் புதைத்து வைப்பது உடையாமல் காக்கும், குளிர்விக்காது. அகன்ற சட்டியில் ஈரமணல் பரப்பி, அதில் ஒரு மண்பானையைப் பதித்து, முட்டையைக் கூர்முனை கீழாகப் பானைக்குள் அடுக்கி, ஈரத்துணியால் வாயை மூடிக் காற்றோட்டமான நிழலில் வைத்து, காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளித்தால் அறையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். துணியின் ஈரம் முட்டையில் சொட்டக் கூடாது. குளிர்பெட்டியின் குளிர் இதற்கு அதிகம். வேறு வழியே இல்லையென்றால் காய்கறித் தட்டில் மூன்று நான்கு நாள் வைக்கலாம். மலையிலிருந்து முட்டை கொண்டுவருகிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளின் குலுங்கலுக்குப் பிறகு, கூர்முனை கீழாக ஓர் இரவு ஓய்வாக வைத்திருந்துவிட்டு அடை வைக்கவும்.

எத்தனை பெட்டைக்கு ஒரு சேவல் வேணும்?

எட்டு முதல் பத்து. அதற்கு மேல் போனால் சில பெட்டைகள் விடுபடும். நான்கு பெட்டைக்கு இரண்டு சேவல் என்றால், ஒன்றை ஒன்று இடையில் புகுந்து விரட்டுவதிலேயே நேரம் போய், கருவுறுவது குறையவும் கூடும். பெட்டைகளின் முதுகு இறகும் கொட்டும்.

சேவல் மிதிக்கறதைக் கண்ணால பார்க்கறேன். உடைச்சுப் பார்த்தாலும் சின்னச் சொட்டாத்தான் இருக்குது. என்ன கோளாறு?

இங்கேதான் சேவலைப் பார்க்க வேண்டும். மிதிப்பது வேறு, விந்து போய்ச் சேர்வது வேறு. இரண்டின் பின்புறமும் ஒரு நொடி ஒட்ட வேண்டும். பெரிய உடல்வாகு கொண்ட பெருவிடைச் சேவலைச் சிறிய உடல்வாகு கொண்ட சிறுவிடைப் பெட்டையோடு விட்டால் சமநிலை தவறிச் சறுக்கி இறங்கிவிடும். காலில் புண், அளவு மீறி வளர்ந்த முள், பின்புறத்தில் அடர்ந்த இறகு, கொழுப்பு ஆகிய எதுவும் தடையாகலாம். பின்புறத்து இறகைக் கத்தரித்துவிடுவது எளிய தீர்வு. கடும் வெயிலில் நல்ல சேவலுக்கும் விந்தின் தரம் குறைந்து, மழைக்காலத்தில் தானாகச் சரியாகும்; ஆகவே மே மாதத்தில் சேவலைத் தீர்த்துக் கட்ட வேண்டாம்.

தீனியும் ஒரு காரணம். நம் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைகளின் மரவள்ளித் திப்பி (மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை) மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே முழுத் தீனியாகப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் மாவுச்சத்துதான் உண்டு. புரதமும் உயிர்ச்சத்தும் இல்லாத பெட்டையின் முட்டையில் கரு கூடினாலும் பாதியில் சாகிறது. கீரை, கரையான், பிண்ணாக்கு கொடுங்கள். பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சேவலை வித்து பத்து நாள் ஆச்சு. இப்ப இடற முட்டையை அடை வைக்கலாமா?

பெட்டையின் கருப்பாதையில் விந்தணுவைச் சேமித்து வைக்கும் நுண்குழல்கள் இருப்பதால், சேவல் போன பிறகும் ஒரு வாரம் வரை நம்பி வைக்கலாம். பத்தாம் நாளிலிருந்து குறையத் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் அதிர்ஷ்டம்தான்.

இதையே திருப்பிப் பாருங்கள். பழைய சேவலை மாற்றி அசில் சேவல் விட்டவர், மறுவாரமே இட்ட முட்டையில் பொரித்த குஞ்சை அசில் கலப்பு என்று விற்றால் அது பழைய சேவலின் பிள்ளையாக இருக்கக்கூடும். இனம் சுத்தமாக வேண்டுமென்றால் பழையது போய் மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு பெட்டையோட முட்டை மட்டும் எப்பவும் பொரிக்கறதில்லைங்க. மத்ததெல்லாம் நல்லாருக்குது.

அந்தப் பெட்டையின் மூன்று முட்டையை உடைத்துப் பாருங்கள். மூன்றும் சிறு சொட்டாக இருந்தால் சேவல் அதை அண்டவில்லை, அல்லது அது சேவலுக்கு அடங்குவதில்லை. சில நாள் இரண்டையும் தனியே அடைத்து வைத்தால் விடை தெரியும். வளையம் இருந்தும் பொரிக்கவில்லையென்றால், அந்தப் பெட்டை சேவலுக்குத் தாயோ உடன்பிறந்ததோ என்று நினைத்துப் பாருங்கள். ஒரே இரத்தத்தில் பல தலைமுறை போனால் கரு ஆரம்பத்திலேயே சாவது அதிகமாகும். அப்போது சேவலை வெளியூர்க்காரரோடு மாற்றிக்கொள்வது நல்லது.

பத்தொம்பதாம் நாள் வெதுவெதுப்பான தண்ணில போட்டா உயிர் இருக்கற முட்டை ஆடும்னு சொல்றாங்களே?

ஆடும் என்பது உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து குஞ்சு மூழ்கிவிடும்; மூக்கால் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தால் நிச்சயம் சாகும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு எந்த முட்டையையும் நான் தொடுவதில்லை.

கரு கூடின முட்டையைச் சாப்பிடலாமா? சத்து அதிகமா?

சாப்பிடலாம். சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கோடையில் முட்டையை இரண்டு மூன்று நாள் கூட்டிலேயே விட்டுவிட்டால், அடைக்கோழி இல்லாமலே வெயிலின் சூட்டில் நரம்பு ஓடத் தொடங்கிவிடும். உடைக்கும்போது அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. தினமும் எடுத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இந்தத் தொல்லை வராது. கருவுறாத முட்டையைச் சைவமாகக் கொள்ளலாமா என்பதை அவரவர் நோன்புக்கே விட்டுவிடுகிறேன்.

ஏழாம் நாள் எல்லாத்துலயும் நரம்பு பார்த்தேன். பதினாலாம் நாள் பார்த்தா ரெண்டு முட்டை தெளிவா இருக்குது. நரம்பு மறைஞ்சு போகுமா?

போகாது. நரம்பு ஓடிய கரு இறந்தால் முன்பு சொன்ன இரத்த வளையமோ, கலங்கிய நிழலோ இருக்கும். முட்டை மறுபடி தெளிவதில்லை. அடைக்கோழி இரைக்கு எழுந்த நேரத்தில் வேறொரு பெட்டை வந்து அந்தக் கூடையில் முட்டையிட்டுப் போயிருக்கிறது. எண்ணிப் பாருங்கள், வைத்ததைவிட இரண்டு அதிகமாக இருக்கும்.

அடை வைக்கும் அன்றே ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதி எழுதிவிடுங்கள். பேனா மை வேண்டாம், ஓட்டுக்குள் இறங்கும். குறியில்லாத முட்டை எதுவானாலும் அன்றன்று மாலை எடுத்துவிட வேண்டும். அப்படியே விட்டால், மற்றவை பொரித்ததும் கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். கரு கூடியிருந்தாலும் அந்த இரண்டும் பாதி வளர்ந்த நிலையில் கூடையிலேயே குளிர்ந்து போகும்.